மருந்துக்கு மசியாத காசநோய்: போஸ்ட்டாக் ஆய்வாளருக்கு இதில் என்ன வேலை?

"முனைவர் பட்டம் முடித்தவர்களிடமிருந்து விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன. துறை: மருந்து எதிர்ப்புக் காசநோயின் பரவலியல். காலம்: இரண்டு ஆண்டுகள்."

இப்படி ஓர் அறிவிப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தால், கூடவே மூன்று கேள்விகளும் வரும். இது டாக்டர்களுக்கான வேலையா? லேபில் கிருமியோடு புழங்க வேண்டுமா? காசநோய்தான் குறைந்து வருகிறதே, இன்னும் ஆராய என்ன மிச்சம்?

மூன்றாவது கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இந்தியாவில் ஆண்டுதோறும் காசநோய் காண்போர் 2015இல் லட்சம் பேருக்கு 237, 2024இல் 187. 2025க்குள் ஒழிப்பது என்ற இலக்கு கைகூடவில்லை என்றாலும் இறக்கம் நிஜம்தான். ஆனால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயும் இதே கோட்டில் இறங்குகிறது என்று சொல்லிவிட முடியாது. 2023இல் உலகம் முழுவதும் சுமார் 4 லட்சம் பேருக்கு இந்த வகை வந்தது என்பது மதிப்பீடு. அதில் 27 சதவீதம் இந்தியாவில். மதிப்பீடு என்ற சொல்லைக் கவனியுங்கள். இவர்களை யாரும் ஒவ்வொருவராக எண்ணவில்லை. எண்ணாமலே எண்ணிக்கை சொல்வது எப்படி, அது எங்கே பிசகும் என்பதைப் பார்ப்பதுதான் பரவலியல். முனைவர் பட்டத்துக்குப் பின் ஆய்வு செய்யும் போஸ்ட்டாக்கின் வேலையும் அங்கேதான்.

எதிர்ப்பு எப்படி உருவாகிறது?

"உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பழகுவது உடம்பு அல்ல, கிருமி. சரியாகச் சொன்னால் கிருமியும் பழகுவதில்லை. பெருகும்போது தற்செயலாக மரபணுவில் பிழை நேர்கிறது. அந்தப் பிழையால் மருந்திலிருந்து தப்பும் கிருமி சிகிச்சை தொடங்கும் முன்பே கூட்டத்தில் ஒன்றிரண்டு இருக்கும். காசநோயின் இரண்டு முக்கிய மருந்துகளில் ஐசோனியாசிட்டுக்குத் தப்புவது பத்து லட்சத்தில் ஒன்று, ரிஃபாம்பிசினுக்குத் தப்புவது பத்துக் கோடியில் ஒன்று என்ற அளவில் சொல்வார்கள். நுரையீரலில் குழி விழுந்த நோயாளியிடம் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். ஒரே மருந்து கொடுத்தால் மற்றவை செத்து, தப்பிய ஒன்று தனிக்காட்டு ராஜாவாகப் பெருகும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டிலிருந்தும் ஒருசேரத் தப்பும் கிருமி இருக்க வேண்டும். அந்த இரண்டு எண்களையும் பெருக்கிப் பாருங்கள். அத்தனை கிருமி எந்த நெஞ்சுக்குள்ளும் இராது. கூட்டு மருந்தின் தர்க்கம் இவ்வளவுதான்.

1948இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோதே இது தெரிந்துவிட்டது. முதலில் நன்றாகத் தேறியவர்களில் பலரிடம் சில மாதங்களில் மருந்து செல்லுபடியாகாமல் போனது.

அறிவிப்புகளில் அடிபடும் சொற்கள் இவை:

1. ஆர்ஆர்: ரிஃபாம்பிசின் வேலை செய்யாத காசநோய். சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் முதலில் சொல்வது இதைத்தான்.

2. எம்டிஆர்: ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் இரண்டும் வேலை செய்யாதது.

3. ப்ரீ-எக்ஸ்டிஆர்: ஆர்ஆர் அல்லது எம்டிஆரோடு, லீவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் அடங்கிய குடும்பமும் வேலை செய்யாதது.

4. எக்ஸ்டிஆர்: அதற்கும் மேலே பெடாக்குயிலின் அல்லது லினசோலிட் பலிக்காதது.

கடைசி இரண்டின் வரையறை 2021இல் மாறியது. அதற்கு முன் எக்ஸ்டிஆர் என்றால் ஊசி மருந்துகளையும் சேர்த்த வேறொரு கணக்கு. 2012ஆம் ஆண்டின் எக்ஸ்டிஆர் எண்ணிக்கையையும் 2023ஆம் ஆண்டின் எண்ணிக்கையையும் ஒரே வரைபடத்தில் போட்டு "குறைந்துவிட்டது" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். குறைந்தது நோய் அல்ல, அந்தப் பெயருக்குள் அடங்கும் ஆட்கள்.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றும் உண்டு. ஐசோனியாசிட்டுக்கு மட்டும் எதிர்ப்பு. ரிஃபாம்பிசினை மட்டும் பார்க்கும் கருவிக்கு இது தெரியாது. "எதிர்ப்பு இல்லை" என்று முடிவு கொடுத்துவிடும். எல்பிஏ போன்ற அடுத்த பரிசோதனை செய்தால்தான் பிடிபடும்.

வந்ததா, உண்டானதா?

எதிர்ப்பு ஒருவருக்கு இரண்டு வழிகளில் வரலாம். சிகிச்சை அரைகுறையாக நின்று அவர் உடம்பிலேயே உண்டாகலாம். அல்லது ஏற்கெனவே எதிர்ப்புள்ள கிருமி இன்னொருவரின் இருமலிலிருந்து வரலாம். நெடுங்காலம் முதல் வழிதான் பிரதானம் என்று எல்லோரும் நினைத்தார்கள். "மாத்திரையை ஒழுங்கா சாப்பிடல" என்று நோயாளியின் தலையில் பழியைப் போட அது வசதியாகவும் இருந்தது.

தென்னாப்பிரிக்காவின் டுகேலா ஃபெரி என்ற ஊரிலிருந்து 2006இல் வெளியான செய்தி அதை உலுக்கியது. எக்ஸ்டிஆர் கண்ட 53 பேரில் 52 பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதற்கு முன் காசநோய்க்குச் சிகிச்சையே எடுத்ததில்லை. அவர்களுக்கு எதிர்ப்பு உண்டாகவில்லை, தொற்றி வந்தது.

இந்த இரண்டில் எது அதிகம் என்பதைப் பொறுத்துத்தான் பணத்தை எங்கே போடுவது என்பது மாறும். உண்டாவது அதிகம் என்றால் மருந்து தடையில்லாமல் கிடைக்க வேண்டும், நோயாளிக்குத் துணை வேண்டும். தொற்றுவது அதிகம் என்றால் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும், வார்டிலும் வீட்டிலும் காற்றோட்டம் வேண்டும், கூட இருப்பவர்களைப் பரிசோதிக்க வேண்டும்.

கீழே நிற்கும் எண்

பின்னத்தில் மேலே நிற்பது தொகுதி, கீழே நிற்பது பகுதி என்று பள்ளியில் படித்திருப்போம். செய்தித்தாள்களில் மேல் எண் மட்டும்தான் வரும். இந்தத் துறையில் சண்டை முழுவதும் கீழ் எண்ணைப் பற்றியது.

இந்தியா 2014–16இல் மருந்து எதிர்ப்புக்கான முதல் தேசிய ஆய்வை நடத்தியது. முடிவு: எம்டிஆர் 6.19 சதவீதம். பலரும் மேற்கோள் காட்டும் எண் இதுதான். பிரித்துப் பார்த்தால், புதிதாக நோய் கண்டவர்களில் 2.84 சதவீதம்; ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 11.6 சதவீதம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு மாவட்டத்தில் 1,000 நோயாளிகள் பதிவாகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 850 பேர் புதியவர்கள், 150 பேர் பழையவர்கள். புதியவர்களில் 2.84 சதவீதம் என்றால் 24 பேர். பழையவர்களில் 11.6 சதவீதம் என்றால் 17 பேர். மொத்தம் 41, அதாவது 4.1 சதவீதம். 6.19 எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. தேசிய ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களில் 3,065 பேர் புதியவர்கள், 1,893 பேர் பழையவர்கள். பழையவர்களின் பங்கு 38 சதவீதம். இரு பிரிவுக்கும் நம்பகமான எண் கிடைக்க வேண்டும் என்றால் பழையவர்களை இப்படித் தாராளமாகச் சேர்க்கத்தான் வேண்டும். அது தவறில்லை. ஆனால் அந்தக் கலவையிலிருந்து வந்த ஒட்டுமொத்த எண்ணைத் தூக்கி வேறு விகிதம் உள்ள மாவட்டத்தின் மேல் வைத்தால் கணக்கு பிசகும்.

அந்த 24, 17 என்ற எண்களை இன்னொரு முறை பாருங்கள். சதவீதத்தில் பழைய நோயாளிகள் நான்கு மடங்கு முன்னே நிற்கிறார்கள். ஆனால் தலையை எண்ணினால், எம்டிஆர் உள்ளவர்களில் பாதிக்கு மேல் இதற்கு முன் காசநோய் மாத்திரையையே பார்க்காதவர்கள். பல ஆண்டுகள் நம் நாட்டில் பழைய நோயாளிகளுக்கும் சிகிச்சை பலிக்காதவர்களுக்கும்தான் முதலில் எதிர்ப்புப் பரிசோதனை செய்தார்கள். எல்லோருக்கும் செய்வது என்பது 2017–25 தேசியத் திட்டத்தில்தான் இலக்கானது. அதுவரை அந்த 24 பேரில் பலர் சாதாரண மாத்திரையை விழுங்கிக்கொண்டே, இருமிக்கொண்டே நடமாடியிருப்பார்கள்.

அந்த ஆய்வின் கீழ் எண்ணுக்குள் வராதவர்களும் உண்டு. அரசு மையங்களில் சளிப் பரிசோதனையில் கிருமி தெரிந்த நுரையீரல் நோயாளிகள் மட்டுமே சேர்க்கப்பட்டார்கள். தனியார் மருத்துவரிடம் போனவர்கள் இல்லை. கழுத்தில் நெரிகட்டி வந்தவர்கள் இல்லை. சளி வெளியே வராத குழந்தைகள் இல்லை.

பிழைத்தவர்களை மட்டும் எண்ணும் பிழை

புதிய மருந்துக் கூட்டு ஒன்றை எடுத்தவர்களில் இறப்பு குறைவு, எடுக்காதவர்களில் அதிகம் என்று ஒரு பதிவேட்டிலிருந்து தெரிகிறது. மருந்து நல்லது என்று எழுதிவிடலாமா?

நோயாளி வந்த நாள் முதல் எதிர்ப்பு முடிவு கைக்கு வரும் நாள் வரை இடைவெளி இருக்கிறது. மிகவும் மோசமாக வந்தவர் அந்த இடைவெளியிலேயே இறந்துவிடுவார். அவர் புதிய மருந்தை எடுக்கவில்லை என்ற பட்டியலில்தான் விழுவார். மருந்து எடுத்த ஒவ்வொருவரும் அதுவரை உயிரோடு இருந்தவர். அந்த நாட்களில் அவர் செத்திருக்கவே முடியாது, செத்திருந்தால் அந்தப் பட்டியலுக்கு வந்திருக்க மாட்டார். இதைச் சாகாக் காலப் பிழை எனலாம். தமிழ்நாட்டுக்கு இது ஏட்டுச் சமாச்சாரம் அல்ல. 2022 ஏப்ரலில் இங்கே தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இந்த ஆரம்ப நாட்களின் சாவைக் குறிவைத்தது. உடல் எடைக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம், ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா போன்ற எளிய சோதனைகளை வைத்து, யாரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று பிரிக்கிறார்கள். அப்படியொரு திட்டம் வந்தபின் முன்பைவிட நலிந்தவர்களும் பிழைத்து, எதிர்ப்பு முடிவு வரும்வரை இருப்பார்கள். அதனால் எதிர்ப்புள்ளவர்களின் எண்ணிக்கை கூடியதாகக்கூடத் தெரியலாம்.

மரபணு சொல்வதும் முகவரி சொல்வதும்

காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதி சுமார் 44 லட்சம் எழுத்து நீளம். அது மெதுவாக மாறுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஓர் எழுத்து என்ற வேகம். இரண்டு நோயாளிகளின் கிருமிகளுக்கிடையே வித்தியாசம் 5 எழுத்துக்குள் இருந்தால் சமீபத்தில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கோ, இருவருக்கும் மூன்றாமவரிடமிருந்தோ தொற்றியிருக்கலாம். 12க்கு மேல் போனால் நேரடித் தொடர்பு இல்லை என்பது ஆய்வாளர்கள் கையாளும் அளவுகோல்.

இந்த அளவுகோல் இங்கிலாந்தில், அநேகமாக எல்லா நோயாளிகளின் கிருமியும் கைக்குக் கிடைக்கிற இடத்தில் பிறந்தது. பத்தில் மூன்று பேரின் கிருமி மட்டும் கிடைக்கிற இடத்தில் சங்கிலியின் நடுக் கண்ணிகள் காணாமல் போகும். ஜோடி சேர வேண்டியவர் தனியாள் என்று பதிவாவார். தொற்று குறைவு என்று அறிக்கை வரும். இங்கேயும் கீழ் எண்தான்.

சென்னையில் இதற்கு மேல் ஒரு சிக்கல். ஒரே கிருமி இரண்டு பேரிடம். ஒருவர் காசிமேட்டில், இன்னொருவர் 25 கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கத்தில். வரைபடத்தில் பார்த்தால் சம்பந்தமே இல்லை. ஆனால் நகருக்குள் இருந்த குடிசைப் பகுதிகளை எடுத்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று குடியமர்த்தியது இந்த ஊரின் கதை. பழைய ரேஷன் கார்டைப் பார்த்தால் இருவரும் ஒரே தெருவாக இருக்கலாம். அரசின் காசநோய்ப் பதிவேடான நிக்ஷயில் இருப்பது இன்றைய முகவரி. தொற்றியதோ நேற்றைய முகவரியில்.

சரி, சென்னையில் என்ன இருக்கிறது?

சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கியது. காசநோயாளியை சானடோரியத்தில் வைத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிய காலம் அது. 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வீட்டிலும் மறு பிரிவுக்கு சானடோரியத்திலும் ஒரே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் வந்த முடிவு: வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம். அதனால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடவில்லை என்பதும் அடுத்து வந்த முடிவுகளில் தெரிந்தது. உலகத்தின் சிகிச்சை முறை மாறியது அதனால்தான். சமீபத்தில் பெடாக்குயிலின், டெலமனிட் அடங்கிய குறுகிய காலக் கூட்டை 165 பேரிடம் சோதித்து, 91 சதவீதம் பேருக்கு நல்ல பலன் என்று காட்டிய ஆய்வையும் நடத்தியது இந்த நிறுவனம்தான்.

அயப்பாக்கத்தில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. மேலே சொன்ன இறப்பில்லாத் திட்டத்துக்குத் துணை நின்றது இது. நோயாளிகளைப் பார்க்க ஓட்டேரியிலும் தாம்பரம் சானடோரியத்திலும் அரசு நெஞ்சக மருத்துவமனைகள். இந்தத் துறையில் போஸ்ட்டாக் செய்ய இதைவிடப் பொருத்தமான ஊர் நாட்டில் குறைவு என்பது என் அபிப்பிராயம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயருக்காக இதை விட்டுப் போகிறவர்கள் ஒருமுறை யோசிக்கலாம்.

முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. மருத்துவப் பட்டம் அவசியம் இல்லை. புள்ளியியல், உயிரித் தகவலியல், பொதுச் சுகாதாரம் படித்தவர்களும் இதைச் செய்கிறார்கள். கிருமியை வளர்க்கும் பாதுகாப்பு ஆய்வகத்துக்குள் பரவலியலாளர் பெரும்பாலும் போவதில்லை. அவர் கையில் இருப்பது பதிவேடும் கணினியும். ஆனால் சளிக் கோப்பையில் சளிக்குப் பதில் வெறும் எச்சிலை வைத்துக்கொண்டு "எதிர்ப்பு இல்லை" என்று எழுதிவிடக் கூடாது என்பது தெரியும் அளவுக்கு லேபைப் பார்த்திருக்க வேண்டும்.

பணம் வரும் வழி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் தன் நிறுவனங்களில் செய்வதற்கென்றே போஸ்ட்டாக் உதவித்தொகை தருகிறது. முன்பு செர்ப் என்ற பெயரில் இருந்து இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குக் கீழ் வந்துவிட்ட தேசியப் போஸ்ட்டாக் திட்டம் இரண்டு ஆண்டுகளுக்கானது. ஆராய்ச்சிக்கு நிதி தரும் இந்தியா அலையன்ஸ் அமைப்பு மருத்துவ, பொதுச் சுகாதார ஆய்வாளர்களுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. ஐரோப்பாவின் மேரி கியூரி உதவித்தொகைக்கு முனைவர் பட்டம் பெற்று 8 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

அமெரிக்க வழிதான் இப்போது கலங்கியிருக்கிறது. 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் நிதி முடங்கியது. அதே ஆண்டு மே 1 அன்று, அமெரிக்கப் பல்கலைக்கழகம் வாங்கி வெளிநாட்டுக் கூட்டாளிக்குப் பிரித்துத் தரும் துணை மானியங்களைப் புது ஏற்பாடு வரும்வரை வழங்கப்போவதில்லை என்று அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஹெச் அறிவித்தது. கூட்டு ஆய்வுகளில் சென்னையில் இருப்பவரின் சம்பளம் பெரும்பாலும் அந்தத் துணை மானியத்திலிருந்துதான் வரும்.

விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டியவை

1. தரவு ஏற்கெனவே இருக்கிறதா, இனிமேல்தான் திரட்டப் போகிறார்களா? முக்கியமான கேள்வி இதுதான். பழைய சிகிச்சை முறை 18 முதல் 20 மாதம் ஓடும். அதன் பிறகு நோய் திரும்புகிறதா என்று ஓராண்டு பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டு போஸ்ட்டாக்கில் முடிவையே பார்க்காமல் கிளம்ப வேண்டியதுதான். 2024 செப்டம்பரில் இந்தியா ஏற்றுக்கொண்ட பிபிஏஎல்எம் என்ற புதிய மருந்துக் கூட்டு ஆறு மாதம். ஓராண்டுக் கண்காணிப்பைச் சேர்த்தாலும் 18 மாதம். அதனால் இரண்டு ஆண்டுக்குள் ஒரு முழு ஆய்வு முடியும் என்ற நிலை இப்போதுதான் வந்திருக்கிறது. அனுமதிகள் கையில் இருந்தால்.

2. அனுமதிகள் கையில் இருக்கின்றனவா? வெளிநாட்டுக் கூட்டு என்றால் நெறிமுறைக் குழுவோடு, சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவும் ஒப்புதல் தர வேண்டும்.

3. கிருமி மாதிரி எங்கே போகிறது, மரபணுத் தரவு யார் கையில் இருக்கும்?

4. களத்தில் நோயாளியிடம் கேள்வி கேட்பவர் யார், எந்தச் சொற்களில் கேட்கிறார்? புதியவர், பழையவர் என்ற பிரிவை நம்பித்தான் இதுவரை பார்த்த கணக்கு அத்தனையும் நிற்கிறது. அந்தப் பிரிவு படிவத்தில் ஒரு டிக். "இதுக்கு முன்னாடி டிபி வந்திருக்கா?" என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள், பொய் சொல்லவில்லை. சின்ன வயதில் வந்ததை வீட்டில் "பிரைமரி காம்ப்ளக்ஸ்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். தனியார் மருத்துவர் "நெஞ்சுல சளி கட்டியிருக்கு" என்று சொல்லி மாத்திரை கொடுத்திருப்பார். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: "எப்பவாவது மாசக்கணக்குல மாத்திரை சாப்பிட்டீங்களா? அப்போ ஒன்னுக்கு ஆரஞ்சு கலர்ல போச்சா?" ரிஃபாம்பிசின் சிறுநீரை அந்த நிறமாக்கும். ஆமாம் என்று தலையாட்டுகிறவரின் படிவத்தில் புதியவர் கட்டத்தில் இருக்கும் டிக்கை அடித்துவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் போட வேண்டும்.